தவில்காரன் படித்த தந்திப் பாஷை

தந்திக் கருவி பேசுவதைக் காதால் கேட்டுப் படிக்கக் கற்றுக்கொண்ட தவில்காரன் எங்கள் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரிலேயே ஒருத்தன்தான் கிணற்றில் விழுந்தான் என்றால் அது அவனுக்குப் பெருமையா?

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. தமிழ் எழுத்தைக் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். அதனால் 'மங்களகரமான', 'சுபயோக சுபதினத்தில்' இதெல்லாம் தடங்கலில்லாமல் எழுதுவேன். கத்தரிக்காய் எழுதச் சொன்னால் யோசிப்பேன். இங்கிலீஷ் சுத்தமாகக் கிடையாது. இப்படிப்பட்டவனுக்கு எதற்குத் தந்திப் பாஷை? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் அரியலூர் பக்கத்தில் இல்லை. கேட்ட ஒவ்வொருத்தரிடமும் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் பதில் எனக்கும் தெரியாது.

அப்போது யுத்த காலம். அரிசிக்குக் கட்டுப்பாடு, சீமெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. கல்யாணம் மட்டும் நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தது. இரண்டு நாயனம், இரண்டு தவில் என்று போய்க்கொண்டிருந்த எங்கள் செட்டு ஒரு நாயனம், ஒரு தவில், சுருதிக்கு ஒரு ஒத்து, ஒரு தாளம் என்று இளைத்துவிட்டது. நாயனம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். செட்டுக்கும் அவர்தான் தலைவர். அந்த ஒரு தவில் நான். மச்சானுக்குத் தங்கை இல்லாவிட்டால் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்குமா என்று ஊரில் பேச்சு. எனக்கே சந்தேகம்தான்.

ஆடி மாதம் வந்தால் கல்யாணம் கிடையாது. தவில் உறைக்குள் தூங்கும், நான் வெளியே தூங்குவேன். வீட்டில் பகலில் படுத்தால் மனைவி விறகு உடைக்கச் சொல்லுவாள். அதே படுக்கையை ஸ்டேஷன் பெஞ்சில் போட்டால் பிரயாணி என்று மரியாதை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பேர் வேண்டாம், சொன்னால் யாருடைய பென்ஷனாவது நின்றுபோகும். அங்கே புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்குள் தந்தி மேசை.

நான் படுத்த அன்றே அது ஆரம்பித்துவிட்டது. கட்டு கடா கட்டு கட்டு. சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டுமென்று அந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு காலி சிகரெட் தகரடப்பாவைச் செருகி வைத்திருந்தார்கள். தகரத்தில் பட்டு அது நேரே என் காதுக்கு வந்தது.

தவில்காரன் காதுக்கு எந்தத் தட்டு கேட்டாலும் அது எங்கே வந்து உட்காரும் என்று தேடும். மாடு வாலால் ஈ ஓட்டினாலும் தேடும். தாளம் எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் ஒரு இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார வேண்டும். அதற்குச் சமம் என்று பேர். இந்தச் சனியன் உட்காரவே இல்லை. எட்டு எண்ணினேன், தவறியது. ஏழு எண்ணினேன், தவறியது. ஐந்தில் பிடித்தேன், இரண்டு சுற்று வந்தது, மூன்றாவதில் கையை உதறிவிட்டு ஓடிவிட்டது. தூக்கம் போயிற்று. ஒரு வாரம் போய்ப் போய்ப் படுத்தேன். ஒரு நாளும் தூங்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கேட்டேன்.

"சார், யாரு சார் இது இவ்ளோ கேவலமா வாசிக்கிறது?"

உள்ளே இருந்த தந்திக்காரர் என்னைவிட சின்னவர். மீசை அப்போதுதான் அரும்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாயவரம் பக்கத்து ஆள், கல்யாணம் ஆகவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வேலைப் பேச்சுத் தவிர வேறு பேசமாட்டார். பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து போயிருந்தார்.

"யாரும் வாசிக்கல. அடுத்த ஸ்டேஷன்காரர் பேசுறார்."

"பேசுறாரா? என்ன சொல்றாரு?"

"கூட்ஸ் வண்டி லேட்டுங்கிறார்."

"இதுக்கா இவ்ளோ தட்டு? நம்மூர் தலையாரி ஒரு சத்தம் போட்டா முடிஞ்சிது."

சிரித்துவிட்டார். சிரித்தவரை விடுவேனா?

"எனக்குச் சொல்லிக் குடுங்க சார்."

"கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. இது எங்க போய் உக்காருதுன்னு தெரியணும். தெரியலன்னா எனக்குத் தூக்கம் வராது."

"இது எங்கயும் உக்காராது, மேளக்காரரே."

"அதெப்படி சார் உக்காராம இருக்கும்?"

அன்று ஆரம்பித்தது என் கஷ்டம்.

வெளியாளைத் தந்தி அறைக்குள் விடக்கூடாது. நிஜக் கருவியைத் தொடவும் கூடாது. அதனால் அவர் தான் பழகிய காலத்துப் பழைய தட்டும் கீ ஒன்றை எடுத்து வந்தார். பலகைத் துண்டில் அடித்து வைத்தது. கம்பியும் கிடையாது, எந்த ஊருக்கும் போகாது, தட்டினால் சத்தம் மட்டும் வரும். மத்தியானம் பாசஞ்சர் போனபிறகு சாயங்கால வண்டி வரும்வரை அவருக்கு வேலை குறைவு. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு உள்ளே அவர், வெளியே பெஞ்சில் நான், என் மடியில் பலகை.

விஷயம் இவ்வளவுதான் என்றார். குட்டையாக ஒரு தட்டு, அது கட்டு. நீளமாக ஒரு தட்டு, அது கடா. மூன்று கட்டு சேர்ந்த நீளம் ஒரு கடா. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் வந்துவிடும். ஒரு எழுத்து முடிந்தால் மூன்று கட்டு அளவுக்குச் சும்மா இருக்க வேண்டும். ஒரு வார்த்தை முடிந்தால் ஏழு கட்டு அளவுக்குச் சும்மா இருக்க வேண்டும்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றும் ஏழும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். தாளக் கணக்கில் மூன்று திஸ்ரம், ஏழு மிஸ்ரம். இதை வெள்ளைக்காரன் தந்திக் கம்பியில் தொங்கவிட்டால் எனக்குத் தெரியாதா?

கட்டு என்பதை 'த' என்றும் கடா என்பதைத் 'தா' என்றும் என் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன். ஏ என்றால் த தா. பி என்றால் தா த த த. கியூ என்று ஒன்று உண்டு, தா தா த தா. என்ன அழகு! கல்யாணத்தில் வாசித்தால் சபை தலையாட்டும். இன்றைக்கும் இந்த எழுத்துகளை எழுதிக் காட்டினால் எது தலை எது கால் என்று எனக்குத் தெரியாது. காதுக்கு மட்டும் எல்லாரும் சொந்தக்காரர்கள். ஆடி முடிவதற்குள் அத்தனையும் மனப்பாடம். தந்திக்காரர் வாயைப் பிளந்தார். தன் கூடப் படித்தவர்கள் மாதக்கணக்கில் உருப்போட்டார்களாம்.

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் புத்தி இருந்தது என்று சொல்லலாம்.

"சரி, நீங்க ஒண்ணு அனுப்புங்க. நான் எழுதறேன்," என்றார் ஒரு நாள்.

"இங்கிலீஷ் தெரியாதே சார்."

"தமிழையே அந்த எழுத்துல தட்டுங்க. நான் படிச்சிக்கிறேன்."

பழக்க தோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்த தவில் விரல் கூடுகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பலகையைக் கும்பிட்டு, 'வணக்கம் சார்' என்று தட்டினேன். எனக்கே மெய்சிலிர்த்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் பென்சில் முதல் எழுத்தோடு நின்றிருந்தது.

"இது என்ன?"

"வணக்கம் சார்."

"வணக்கம் இருக்கட்டும். என்ன அனுப்புனீங்க?"

"அதான் சார், வணக்கம் சார்னு அனுப்புனேன்."

"இதுல வணக்கம் எங்க இருக்கு? எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்குது. நடுவுல விடவே இல்லையே."

"விட்டா ஓட்டையா இருக்கு சார். அதான் கோத்து வாசிச்சேன்."

"கோக்கவே கூடாது. சரி, கடைசில ஒரே மாதிரி மூணு தடவ வந்துச்சே, அது என்ன எழுத்து?"

"அது எழுத்து இல்ல சார், தீர்மானம். முடிக்கிறப்ப மூணு தடவ வாசிச்சுச் சமத்துல கொண்டாந்து வுடணும். இல்லன்னா சபைக்கு மரியாத இல்ல."

தலையில் கை வைத்துக்கொண்டார். "மேளக்காரரே, நீங்க வாசிக்கிறீங்க. சொல்ல மாட்டேங்கறீங்க."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. என் கைக்கு விளங்கவில்லை. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து எங்கள் கைக்கு ஒரே பாடம்தான். இடம் காலியாக இருந்தால் நிரப்பு. நாயனக்காரர் மூச்சு வாங்குகிற இடம், பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம், எல்லாம் தவில் நிரப்ப வேண்டிய பள்ளம். தந்தியில் அந்தப் பள்ளம்தான் பேச்சே. பள்ளத்தை மூடினால் எழுத்து செத்துப்போகும். மூன்று அளவு சும்மா இரு என்றால் மூளை 'சரி' என்கிறது. கை அதற்குள் ஒரு தகிட போட்டுவிடுகிறது. திட்டினேன். கையைத்தான். பெஞ்சில் உட்கார்ந்து தன் கையைத் தானே திட்டுகிற ஆளைப் பார்த்து டிக்கெட் வாங்க வந்த ஜனங்கள் தள்ளி நின்றார்கள்.

"ஒரு வரி," என்றார் தந்திக்காரர். "என் பென்சில் நிக்காம எழுதற மாதிரி ஒரே ஒரு வரி அனுப்புங்க. அப்பத்தான் கத்துக்கிட்டீங்கன்னு ஒத்துக்குவேன்."

ஒரு வரி. அது என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது தட்டினேன், குளிக்கும்போது தட்டினேன், மாட்டின் முதுகில் தட்டினேன். கைப்பிள்ளை நான் முதுகில் தட்டினால்தான் தூங்கும். அதுவும் கெட்டது.

"ஏங்க, தட்டுனா தட்டுங்க, நிறுத்துனா நிறுத்துங்க," என்றாள் மனைவி. "தட்டி, நிறுத்தி, தட்டி, நிறுத்துனா அது தூங்கறதா முழிக்கிறதா?"

"எழுத்துக்கு நடுவுல வுடணும்டி."

"புள்ள முதுவுல என்ன எழுத்து? யாருக்கு அனுப்புறீங்க?"

டீக்கடைக்காரர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "தெரியாதா? ஜப்பான்காரனுக்குத்தான். நம்மூர்ல நாலு எருமை, ஒரு குட்டை, வந்து புடிச்சுக்கன்னு நம்மாளு சேதி அனுப்பிட்டான்." கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். "அனுப்புனேன் அண்ணே. உங்க டீயைப் பத்தியும் சொன்னேன். அதான் அவன் இந்தப் பக்கமே வரல." வாய் மட்டும் எனக்கு எப்போதும் சமத்தில் வந்து உட்காரும். கைதான் உட்காராது.

சிரித்துவிட்டு வந்தாலும் உள்ளே எரிந்தது. சீட்டாடுகிறவனை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. நாள் முழுக்கக் கோழிச்சண்டை பார்க்கிறவனைக் கேட்பதில்லை. ஒரு தவில்காரன் தந்தி படித்தால் மட்டும் ஊருக்கே விளக்கம் வேண்டும்.

எனக்கு ஒரு வழி சொன்னார் தந்திக்காரர். "நடுவுல விடறதுக்குக் கை பழகலன்னா தொண்டையைப் பழக்குங்க. ஒவ்வொரு எழுத்து முடிஞ்சதும் எச்சில் முழுங்குங்க. முழுங்கி முடிக்கிற வரைக்கும் கை அசையக்கூடாது."

பார்த்தால் சின்ன உபாயம். ஆனால் வேலை செய்தது. தட்டு, முழுங்கு, தட்டு, முழுங்கு. தொண்டை வறண்டுவிடும், ஸ்டேஷன் பானைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுங்கினேன். புரட்டாசியில் ஒரு வார்த்தை தேறியது. 'அம்மா' என்று அனுப்பினேன், அவர் படித்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. இரண்டாவது வார்த்தையில் கை பழைய குணத்தைக் காட்டிவிட்டது.

ஐப்பசியில் மறுபடி கல்யாணங்கள் வந்தன. அப்போதுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. கீயில் போய் உட்கார்ந்தால் கை தவில் வாசிக்கிறது. தவிலில் உட்கார்ந்தால் கை அங்கங்கே நிற்கிறது. ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும்போது நடுவில் ஒரு இடம் காலியாகப் போயிற்று. தாளம் போடுகிறவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் பார்க்கவில்லை. நாயனத்தை வாயிலிருந்து எடுக்காமலே அவர் புருவம் மட்டும் ஏறியது. கார்த்திகையில் இன்னொரு கல்யாணத்தில் இன்னொரு இடம்.

மார்கழி பிறந்ததும் மச்சான் வீட்டுக்கு வந்தார். தங்கை கொடுத்த மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, தை முதல் முகூர்த்தம் திருமானூர்ல. பெரிய வூட்டுக் கல்யாணம். ஒத்தத் தவிலு."

"தெரியும் மச்சான்."

"தாலி கட்டுறப்ப தவிலு எதுக்குன்னு தெரியுமா?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க? கெட்டிமேளம்..."

"சத்தத்துக்கு இல்ல மாப்ள. ஊரு வாயை மூடுறதுக்கு. ஒரு தும்மல், ஒரு அபசொல் பொண்ணு மாப்பிள்ள காதுல வுழக்கூடாது. அதுக்குத்தான் நம்மள வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுறாங்க. அங்க நீ ஓட்ட வுட்டியன்னா நான் உன்ன வச்சிக்க முடியாது. அரும்பாவூர்ல ஒரு பையன் கை சுத்தமா வாசிக்கிறானாம். சொல்லி வச்சிருக்கேன்."

"மச்சான், நான் உங்க தங்கச்சி புருசன்."

"அதனாலதான் வந்து சொல்லிட்டுப் போறேன். வேற ஆளா இருந்தா சொல்லாமலே மாத்தியிருப்பேன்."

அவர் போனபிறகு மனைவி அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவே இல்லை. பாத்திரங்கள் மட்டும் பேசின. அதைப் படிக்க எனக்குத் தந்திக்காரர் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். போனேன். பலகையைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். தொட்டேன். இன்னும் கொஞ்சம்தான், ஒரு வரி தேறிவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். குடிகாரனும் இதைத்தான் நினைப்பான். ஆனால் குடிகாரனுக்குப் போதையாவது கிடைக்கும். எனக்கு மார்கழி முழுக்க எச்சில்தான்.

திருமானூர்க் கல்யாணம் காலை முகூர்த்தம். பந்தல் தெருவை அடைத்துப் போட்டிருந்தது. சமையல் கொட்டகை மணவறைக்கு நேர் பின்னால். யுத்தக் கட்டுப்பாடு எல்லாம் கொல்லைப்பக்கம் வராது போலிருக்கிறது. நெய் மணந்தது. எங்களுக்குக் காலையில் ஒரு வாய் காபித் தண்ணியோடு சரி, முகூர்த்தம் முடிந்துதான் சாப்பாடு.

முகூர்த்தம் வரைக்கும் நன்றாக வாசித்தேன். நன்றாக என்றால் ரொம்ப நன்றாக. மச்சான் முகத்தில் பழைய சிரிப்பு ஒன்று வந்து போயிற்று. தட்டில் வைத்த தாலியைச் சபை முழுக்கத் தொட்டுக் கும்பிட, அது மணவறைக்குத் திரும்ப வந்தது. மாப்பிள்ளை கையில் எடுத்தார். ஐயர் விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார்.

அடித்தேன். மச்சான் நாயனத்தை உச்சத்தில் பிடித்தார். பந்தலே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஜனங்களும் அந்த நேரத்தில்தான் கத்திப் பேசுவார்கள், மற்றவர்களுக்குக் கேட்காது என்ற தைரியம். மச்சான் மூச்சு வாங்க ஒரு கணம் வாயை எடுத்தார். என்னை நம்பித்தான் எடுத்தார்.

சரியாக அந்தக் கணத்தில் கொட்டகையிலிருந்து வடையை எண்ணெயிலிருந்து எடுக்கிற வாசனை வந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. முழுங்கினேன்.

கை நின்றது.

மூன்று கட்டு அளவு. அரை மூச்சு நேரம்கூட இருக்காது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் விட வேண்டிய அளவு, அத்தனை சுத்தமாக. ஆறு மாதமாக எனக்கு வராதது அன்றைக்கு வந்தது.

அந்த ஓட்டையில் மாப்பிள்ளையின் பெரியப்பா குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் கத்திக்கொண்டிருந்தார் பாவம்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்னு நான் அப்பவே தலையால அடிச்சிக்கிட்டேன்!"

பிறகு நான் தவிலைப் பிளக்கிற மாதிரி அடித்தேன். பேச்சைத் திரும்ப வாய்க்குள் போட முடியுமா? மாப்பிள்ளை முதல் முடிச்சில் விரலோடு நின்றுவிட்டார். பெண்ணின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பெரியப்பா கூரையைப் பார்த்தார். பெண் தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு முகம் தெரிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். முழங்கையால் மாப்பிள்ளையை இடித்தாள். அவர் விழித்துக்கொண்டு மிச்ச முடிச்சுகளைப் போட்டார்.

தாலி ஏறிவிட்டது. சண்டை அதற்கப்புறம்தான்.

"அப்பவே வேணாம்னவரு எதுக்குய்யா முன் வரிசைல வந்து உக்காந்தீரு?" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

"நான் எருமை வியாபாரத்தப் பத்திச் சொன்னேன்யா!"

"எருமையா? எங்க புள்ள எருமையா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலய்யா!"

அவர் வாயைத் திறக்கத் திறக்க மோசமாயிற்று. பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. வடை ஆறிப்போயிற்று. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். குற்றம் மேளக்காரன் மேல். பெண்ணின் அப்பா மச்சானிடம் வந்து சத்தமில்லாமல் சொன்னார்.

"உங்கள நம்பித்தான வச்சோம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் மச்சான் தாங்கியிருப்பார்.

திருமானூரிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓட்டிய கரி பஸ்ஸில் திரும்பினோம். மச்சான் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் தவிலோடு. மேட்டில் பஸ் ஏறவில்லை, எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். ஒரே பஸ்ஸைத் தோளோடு தோள் தள்ளினோம், அவர் முகம் மட்டும் அந்தப் பக்கம். அரியலூரில் இறங்கியதும் மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"எங்க நின்ன, ஏன் நின்னன்னு நான் கேக்கல. கேட்டா நீ எதாவது வேடிக்கையா சொல்லுவ. நான் சிரிச்சிடுவேன். அப்புறம் திரும்ப உன்னயே கூப்புடுவேன். அதனால கேக்கல."

"மச்சான்..."

"தங்கச்சிக்கு நானே வந்து சொல்லிக்கிறேன். நீ போ."

சொல்லுவதற்கு என்னிடம் ஒரு வேடிக்கையும் இல்லை. வடை வாசனைக்கு எச்சில் முழுங்கினேன் என்று சொன்னால் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் உண்மையே அதுதான்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மத்தியானம், பாசஞ்சர் போய்விட்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் போய்த் தவிலைப் புங்கமரத்தில் சாய்த்தேன். தந்திக்காரர் ஜன்னலுக்குள் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பலகையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தட்டினேன்.

த த த தா. முழுங்கினேன். த. முழுங்கினேன். அன்றைக்கு முழுங்க எச்சில் நிறைய இருந்தது, வேறு பலதும் இருந்தது. கை எங்கேயும் ஓடவில்லை. நிரப்ப வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது வார்த்தைக்கு முன்னால் ஏழு அளவு விட்டேன். தீர்மானம் வைக்கவில்லை. முடிந்த இடத்தில் கையை எடுத்துவிட்டேன்.

உள்ளே பென்சில் நிற்காமல் ஓடியது. அவர் துள்ளி எழுந்தார்.

"மேளக்காரரே! ஒரு எழுத்து தப்பில்ல! ஒரே ஒரு எழுத்து தப்பில்ல! கேளுங்க, படிக்கிறேன்." காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தார். "வேலை போச்சு."

சிரித்த முகம் அப்படியே இருந்தது. பிறகு கேட்டார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

காகிதத்தை மேசையில் வைத்தார். உள்ளே கருவி யாரையோ கூப்பிட்டது. அவர் போகவில்லை.

"எங்க ரயில்வேல..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் சார். எட்டாவது படிச்சிருக்கணும், இங்கிலீஷ் தெரியணும், அதானே? கேட்டுட்டு நீங்க இல்லன்னு சொல்லி, உங்களுக்கும் கஷ்டம்."

"ஆனா நீங்க கத்துக்கிட்டீங்க. அத நான் ஒத்துக்குறேன்."

"சந்தோசம் சார்," என்றேன். அது பொய். ஆறு மாதம் காத்திருந்த சந்தோஷம் அது. வந்த நாள் சரியில்லை. ஒரு மாதம் முன்னாலோ ஒரு மாதம் பின்னாலோ வந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடியிருப்பேன். டீக்கடைக்காரருக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எழுந்து தவிலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கருவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. என்ன சொல்கிறது என்று எனக்கு எழுத்து எழுத்தாகப் புரிந்தது. அர்த்தம் மட்டும் புரியவில்லை, அது இங்கிலீஷ்.

வீட்டில் மச்சான் ஏற்கனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி சோறு போட்டாள். நான் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதையும் சொன்னேன்.

"என்ன அனுப்புனீங்க?"

சொன்னேன்.

"அத எங்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமே," என்றாள். "அதுக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு?"

அதே தை மாதக் கடைசியில் எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாணம் நடந்தது. மச்சான் செட்டுதான். அரும்பாவூர்ப் பையன் தவில். நான் போகவில்லை. வாசலில் விறகு உடைத்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரே ஒரு இடத்திலாவது விடுவான் என்று கெட்டிமேளம் முடிகிற வரைக்கும் கோடாரியை ஓங்கியபடியே நின்றேன். படுபாவி, எங்கேயும் விடவில்லை.